திருவாசகம் முற்றோதல்: வேகம் கெட வேண்டிய நாள்

"பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும்." நம் வீடுகளில் பெரும்பாலோருக்குக் கடவுள் முதன்முதலில் இப்படித்தான் அறிமுகமாகிறார். வளர்ந்த பிறகு கண்ணைக் குத்துபவர் கணக்குப் பார்ப்பவராகிவிடுகிறார். இத்தனை விளக்குப் போட்டால் கல்யாணம், இத்தனை சுற்றுச் சுற்றினால் வேலை. மாணிக்கவாசகர் பாடிய திருவாசகத்தை முதலிலிருந்து கடைசிவரை கூடி ஓதுகிற முற்றோதலுக்கு வந்து பாயில் அமர்கிறவர்களில் பலர் இந்த இருவரில் ஒருவரை மனத்தில் வைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். மாலையில் எழுந்து போகும்போது அவர்கள் மனத்தில் இன்னொருவர் இருக்க வேண்டும். பிட்டுக்குக் கூலியாளாகி மதுரையில் மண் சுமந்து, பாண்டியன் கைப் பிரம்படியை முதுகில் வாங்கிக்கொண்டவர் அவர்.

அந்த மாற்றம் நடப்பதும் நடக்காமல் போவதும் பெரும்பாலும் ஓதுகிற வேகத்தைப் பொறுத்தது. பக்தி குறைந்து கெட்டுப்போன முற்றோதல்கள் குறைவு. அவசரத்தால் கெட்டவை நிறைய. சிவபுராணத்தின் 6-வது அடியே "வேகம் கெடுத்தாண்ட வேந்தன்" என்கிறது. மனத்தின் பரபரப்பை அடக்கி ஆட்கொண்டவன் என்று பொருள். அந்த அடியையே மூச்சு வாங்க ஓடிக் கடந்துவிட்டு மீதி 50 பகுதிக்குப் போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியவை சில இருக்கின்றன.

முதலில் நேரக் கணக்கு. திருவாசகத்தில் 51 பகுதிகள், 658 பாடல்கள். 6 மணி நேரத்தில் முடிக்கிற குழுக்கள் உண்டு. பொருள் காதில் விழ வேண்டுமென்றால் ஓதுவதற்கு மட்டும் 8 முதல் 9 மணி நேரம் ஒதுக்குங்கள். காலை 7.30க்குச் சிவபுராணம் தொடங்கினால், இடைவேளைகளையும் சேர்த்து மாலை 6 மணிக்குள் அச்சோப்பதிகம் வந்துவிடும். அழைப்பிதழில் "காலை 9 மணி" என்று போட்டால் 9.45க்குத்தான் தொடங்குவீர்கள். அதன் சுமை பிற்பகலில் வரும் பத்துகளின், அதாவது பத்துப் பத்துப் பாடலாக அமைந்த பகுதிகளின், தலையில் விழும். ஒவ்வொரு முறையும் பலியாவது கடைசி 20 பகுதிகள்தான். அவற்றில்தான் குழைத்தபத்தும் பிடித்தபத்தும் இருக்கின்றன.

ஒருவர் முன்சொல்ல மற்றவர்கள் பின்சொல்லும் முறை தேவாரப் பதிகத்துக்கு அழகு. முற்றோதலில் அது நேரத்தை இரட்டிப்பாக்கிவிடும். எல்லோரும் சேர்ந்தே ஓதுங்கள். வழிநடத்த 3 அல்லது 4 பேர் போதும், 45 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். மைக் இரண்டுக்கு மேல் வேண்டாம், அவை வழிநடத்துபவர்களிடமே இருக்கட்டும். கூட்டத்துக்குள் மைக்கைச் சுற்ற விட்டால் ஒருவர் இழுப்பார், ஒருவர் ஓடுவார், பத்தாவது நிமிடத்தில் ஓதல் இரண்டாகப் பிரிந்துவிடும். ஒலிபெருக்கி உள்பக்கம் பார்த்து இருக்கட்டும். தெருவுக்குக் கேட்பதைவிட அமர்ந்திருப்பவருக்குப் பக்கத்தில் இருப்பவரின் குரல் கேட்பது முக்கியம். கயிலாய வாத்தியம் வைப்பதானால் தொடக்கத்திலும் முடிவிலும் போதும். இடையில் அடித்தால் அதன்பின் குரல்கள் தானாக உயரும், மதியத்துக்குள் தொண்டை போய்விடும்.

சுருதி இன்னொரு சிக்கல். ஆண்களுக்கு இதமான 1 கட்டையில் பெண்கள் குரல் அடியில் அமுங்கிவிடும். பெண்களுக்கு இதமான 5 கட்டையில் ஆண்கள் கத்துவார்கள். நடுவில் ஒன்றைப் பிடித்தால் இருவருக்கும் பொருந்தாது. நீண்ட பகுதிகளில் ஒரு பாடல் ஆண்கள், ஒரு பாடல் பெண்கள் என்று மாற்றி ஓதுவதே நல்ல வழி. ஓதாதவர் கேட்பார், கேட்கும்போதுதான் பொருள் இறங்கும். மெட்டைப் பொறுத்தவரை, தேவாரத்துக்குப் போல இதற்குப் பண் வகுக்கப்படவில்லை. ஓதுவார்கள் வழிவழியாக மோகனத்தில் பாடுவார்கள். அகவல் என்னும் நீண்ட பாடல்களை மெட்டில்லாமல் சொல்வதும் பத்துகளை மோகனத்தில் பாடுவதும் போதும். தெரிந்த சினிமா மெட்டில் பாடினால் கூட்டம் உற்சாகமாகும் என்று சிலர் செய்கிறார்கள். கூட்டம் உற்சாகமாவது உண்மைதான். ஆனால் மனம் அந்தப் படத்துக்குப் போய்விடும்.

புத்தகம் எல்லோர் கையிலும் ஒரே பதிப்பாக இருக்கட்டும். ஒரு பதிப்பில் சந்தி பிரித்திருக்கும், இன்னொன்றில் சேர்ந்திருக்கும். பக்க எண் சொல்லி அறிவித்தால் பாதிப் பேர் தேடிக்கொண்டே இருப்பார்கள், பகுதி எண்ணையும் பெயரையும் சொல்லுங்கள். பெரியவர்களுக்குப் பெரிய எழுத்துப் புத்தகம் தனியாக எடுத்து வையுங்கள். கைபேசியில் பார்த்து ஓதுபவர்கள் ஏரோப்ளேன் மோடில் போட்டுவிடுவது நல்லது. திருச்சதகத்தின் நடுவே ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்தால் அவர் திரும்பி வரப் பத்துப் பாடல் ஆகும்.

சந்தி தெரியாமல் ஓதினால் பொருள் எப்படிக் கெடும் என்பதற்குச் சிவபுராணத்திலேயே ஓர் இடம் இருக்கிறது. "வேற்று விகார விடக்குடம்பின்" என்ற அடியை "விடக் குடம்பின்" என்று ஓதுவார்கள். கேட்பவருக்கு விஷக் குடம் என்று படும். அது விடக்கு உடம்பு, அதாவது ஊன் உடம்பு. உடம்பு மாறிக்கொண்டே இருக்கிறது, அதற்குள் கிடக்கப் பொறுக்கவில்லை ஐயா என்கிற முறையீடு அது. உடம்பை நஞ்சென்று வெறுக்கிற குரலும், உடம்பின் நிலையாமை தாங்காமல் "ஐயா" என்று கூப்பிடுகிற குரலும் வேறு வேறு. முதலாவது குரலுக்குப் பதில் சொல்லும் கடவுள் கடுமையானவராகத் தோன்றுவார். இரண்டாவது குரலுக்கு வருகிறவர் அப்பன். ஒரு மூச்சை எங்கே விடுகிறோம் என்பதில் இவ்வளவு இருக்கிறது.

இப்போது நூலின் உள்ளே போகலாம். பகுதிக்குப் பகுதி விளக்கம் சொல்லத் தேவையில்லை. சொன்னால் இரவு 10 மணி ஆகிவிடும். ஏழெட்டு இடங்களில் மட்டும் 2 நிமிடம் நிறுத்திப் பேசினால் போதும். அதையும் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். மைக் கையில் கிடைத்த உற்சாகத்தில் 40 நிமிடம் பேசியவர்களால் யாத்திரைப்பத்து காணாமல் போன முற்றோதல்கள் பல.

முதல் நிறுத்தம் திருவண்டப்பகுதி. 182 அடி அகவல், புரியவில்லை என்று கூட்டம் நெளிகிற இடம். தொடங்கும் முன் ஒன்று செய்யுங்கள். கிழக்கு ஜன்னல் இருக்கிற கூடமாக இருந்தால், அந்த நேரத்துக்கு வெயில் ஒரு பட்டையாக உள்ளே விழுந்திருக்கும். அந்தப் பட்டைக்குள் தூசு மிதப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். விளக்கை அணைத்தால் இன்னும் நன்றாகத் தெரியும். பொடிப் பொடியாய், எண்ண முடியாமல், மெல்ல ஏறி இறங்கும். "இன்னுழை கதிரின் துன்அணுப் புரையச் சிறியவாகப் பெரியோன்" என்பது அதுதான். வீட்டுக்குள் நுழைந்த கதிரில் நெருங்கித் தெரியும் தூசுபோல, நூற்றொரு கோடிக்கு மேல் விரிந்த அண்டங்கள் அவன்முன் சிறுத்துத் தெரிகின்றன. இதைக் கண்ணால் பார்த்துவிட்டு அகவலைத் தொடங்கினால் யாரும் நெளிய மாட்டார்கள். கடவுள் பெரியவர் என்று எல்லோரும்தான் சொல்கிறோம். எவ்வளவு பெரியவர் என்று ஒருமுறை உடம்பில் பட்ட பிறகுதான், அவ்வளவு பெரியவர் மண் சுமந்தார் என்பதன் கனம் தெரியும். காலையில் இந்த அகவலை விழுங்கிவிட்டால் பின்னால் வருகிற எளிமைக்கு எடை இருக்காது.

போற்றித் திருவகவல் 225 அடி. இதில் கருவில் உயிர் மாதம் மாதமாகப் பிழைத்து வருவது தொடங்கி, பிறந்தபின் பசியிலும் செல்வத்திலும் வறுமையிலும் தப்பிப் பிழைப்பதுவரை வரிசையாக வரும். பிற்பகுதியில் அடிதோறும் "போற்றி". அதுவரை வழிநடத்துபவரே ஓதட்டும், "போற்றி"யை மட்டும் எல்லோரும் சொல்லட்டும். அந்த வரிசையில்தான் "தென்னாடுடைய சிவனே போற்றி" வருகிறது. தினமும் கோயிலில் முழங்குகிற அடி, அதன் சொந்த இடத்தில் எப்படி ஒலிக்கிறது என்று பலர் அன்றுதான் கேட்பார்கள்.

அடுத்தது திருச்சதகம், 100 பாடல்கள். ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகும். இங்கேதான் முதல் சோர்வு வரும். இது 10 பாடல்கள் கொண்ட 10 பிரிவுகள், மெய்யுணர்தலில் தொடங்கி ஆனந்தாதீதத்தில் முடியும். ஒவ்வொரு பிரிவின் தலைப்பையும் சத்தமாக அறிவியுங்கள். எத்தனை தூரம் வந்திருக்கிறோம் என்று தெரிந்தால் நடப்பவனுக்குக் கால் வலிக்காது. இன்னொரு உதவி நூலிலேயே இருக்கிறது. திருச்சதகமும் அடுத்து வரும் நீத்தல் விண்ணப்பமும் அந்தாதி. ஒரு பாடலின் முடிவு அடுத்ததன் தொடக்கமாகும். இரண்டு பக்கம் சேர்ந்து புரண்டு ஒரு பாடல் விட்டுப்போனால் சொல் ஒட்டாது, உடனே தெரிந்துவிடும். வழிநடத்துபவர் அந்த ஒட்டைக் காதில் வைத்துக்கொண்டே போக வேண்டும். மற்றப் பகுதிகளில் இந்தக் காவல் இல்லை. அங்கே பாடல் எண்ணைப் பார்த்துக்கொள்ள ஒருவரைத் தனியாக உட்கார வையுங்கள்.

நீத்தல் விண்ணப்பத்தை ஓடிக் கடக்கவே கூடாது. 50 பாடலிலும் "விடுதி கண்டாய்" என்று ஒரே கெஞ்சல், என்னை விட்டுவிடாதே என்று. ஒரே வேண்டுகோளை 50 முறை கேட்டாலும் சலித்துக்கொள்ளாதவர் என்று நம்பினால்தான் ஒருவர் இப்படிக் கேட்க முடியும். முடியும் தறுவாயில் குரல் மாறுகிறது. நீ விட்டுவிட்டால், யானைத்தோல் போர்த்த பித்தன், நஞ்சு தின்ற பித்தன், சுடுகாட்டுப் பித்தன், என்னையும் ஆளாகக் கொண்ட பித்தன் என்று ஊர் முழுக்க உன்னை ஏசுவேன் என்கிறார் மாணிக்கவாசகர். சிலர் இந்தப் பாடலை மென்று விழுங்குவார்கள், கடவுளை ஏசுவதாவது என்று. அப்படிச் செய்யாதீர்கள். கண்ணைக் குத்துகிற சாமியிடம் யாரும் இப்படிப் பேச மாட்டார்கள். ஏசினாலும் தன்னைத் தள்ளமாட்டார் என்று முழுதாகத் தெரிந்த பிள்ளைதான் தாயிடம் இப்படி நிற்கும்.

துக்கம் நடந்த வீட்டில் ஓதுகிறவர்கள் இந்த இடத்தை இன்னும் கவனமாகக் கையாள வேண்டும். அந்த வீட்டில் ஒருவருக்குச் சாமிமேல் கோபம் இருக்கும். படத்தைக்கூடத் திரும்பிப் பார்க்காமல் மூலையில் உட்கார்ந்திருப்பார். "எல்லாம் அவன் செயல்" என்று அவருக்கு ஆறுதல் சொல்லாதீர்கள். நீத்தல் விண்ணப்பத்தை நிதானமாக ஓதுங்கள். தன் கோபத்துக்கும் பக்திக்குள்ளே இடம் உண்டு என்று அவருக்குப் புரியும், பெரும்பாலும் அப்போதுதான் அழுவார். அழ விடுங்கள், ஓதலை நிறுத்த வேண்டாம், குரலை மட்டும் சற்றுத் தணித்துக்கொள்ளுங்கள். ஈழத்துச் சைவ வீடுகளில் இறுதிச் சடங்கில் சுண்ணம் என்னும் நறுமணப் பொடி இடிக்கும்போது திருப்பொற்சுண்ணம் பாடுவார்கள். பெண்கள் கூடி உலக்கை பிடித்து இறைவன் நீராடப் பொற்சுண்ணம் இடிக்கிற மங்கலப் பாட்டு அது, அதை இழவு வீட்டில் பாடுகிறார்கள். போகிற உயிர் தண்டனைக்குப் போகவில்லை, திருமஞ்சனத்துக்குப் போகிறது என்கிற நம்பிக்கை அந்த உலக்கைச் சத்தத்தில் இருக்கிறது.

நீத்தல் விண்ணப்பம் முடிய 10.15 ஆகும். 15 நிமிடம் இடைவேளை. சுண்டலும் வெந்நீரும் போதும். 40 பேருக்குக் கொண்டைக்கடலை ஒன்றரைக் கிலோ, முந்தின இரவே ஊறப் போட வேண்டும். குளிர்பானம் கொடுக்காதீர்கள். பனங்கற்கண்டும் நான்கு மிளகும் ஒரு தட்டில் வைத்துச் சுற்ற விட்டால் தொண்டை தாங்கும்.

அடுத்து வருபவை பெண்களின் விளையாட்டுப் பாட்டுகள். மதுரைப் பாண்டியனின் அமைச்சராக இருந்தவர், குதிரை வாங்கப் போன வழியில் திருப்பெருந்துறையில் குருந்த மரத்தடியில் குருவைக் கண்டு எல்லாவற்றையும் விட்டவர், அம்மானை ஆடுகிற பெண்ணாக, பூக்கொய்கிற பெண்ணாக, ஊசல் ஆடுகிற பெண்ணாக நின்று பாடுகிறார். இங்கே கூட்டம் தானாக விழித்துக்கொள்ளும், ஒவ்வொரு பாடலுக்கும் ஒரு பல்லவிபோல ஈற்றடி இருப்பதால். "ஏலோர் எம்பாவாய்", "காண் அம்மானாய்", "சென்றூதாய் கோத்தும்பீ". பாடலை ஒரு பகுதியினர் ஓத, ஈற்றை எல்லோரும் சொல்லலாம்.

திருவெம்பாவையின் ஒன்பதாம் பாட்டில் ஒரு சொல்லைக் கவனித்து ஓதுங்கள். பழம்பொருள்களுக்கெல்லாம் முந்தைய பழம்பொருள் என்று சொல்லிவிட்டு, பின்னே வரும் புதுமைக்கும் "பேர்த்தும் அப்பெற்றியனே" என்கிறது. பெற்றி என்றால் தன்மை, இயல்பு. பழமையிலும் புதுமையிலும் அதே தன்மையன். கடவுள் தன்மை என்று நாம் நீட்டிப் பேசுவதை அந்தப் பெண்கள் விடியற்காலைக் குளக்கரைக்குப் போகிற போக்கில் சொல்லிவிடுகிறார்கள். சைவ நூல்கள் இறைவனுக்கு எண்குணம் சொல்லும். தன்வயத்தனாதல், முற்றும் உணர்தல், பேரருளுடைமை, வரம்பில் இன்பமுடைமை என்று அந்த வரிசை போகும். படிக்க வேண்டியவைதான். ஆனால் முற்றோதலில் அந்தப் பட்டியலை வாசித்தால் யாருக்கும் ஒட்டாது. அம்மானையின் எட்டாவது பாட்டை வாசியுங்கள். நெற்றியில் கண் சுமந்த கடவுள் மதுரையில் மண் சுமந்து, கூலி கொண்டு, அரசன் கையால் மொத்துண்டு, "புண்சுமந்த பொன்மேனி" என்று முடியும். கண்ணைச் சுமந்தவர், மண்ணைச் சுமந்தார், புண்ணைச் சுமந்தார். மூன்று சொல்லிலும் அழுத்தம் விழ ஓதினால் விளக்கமே வேண்டாம். பேரருளுடைமை அந்த முதுகில் இருக்கிறது.

திருச்சாழலைக் கட்டாயம் இரண்டு அணியாகப் பிரித்து ஓதுங்கள். ஒருத்தி கேலியாகக் கேட்கிறாள்: உங்கள் சாமி சாம்பல் பூசுகிறார், பாம்பைப் பூணுகிறார், கோயிலோ சுடுகாடு, தாயும் இல்லை தந்தையும் இல்லை, தனியாள். மற்றவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிச் "சாழலோ" என்கிறாள். வலப்பக்கம் அமர்ந்தவர்கள் முதல் இரண்டு அடி, இடப்பக்கம் அமர்ந்தவர்கள் அடுத்த இரண்டு அடி. முதல் பாட்டிலேயே பதில் "ஈசன் அவன் எவ்வுயிர்க்கும் இயல்பானான்" என்று வரும். எல்லோரும் 20 பாட்டையும் சேர்ந்து ஓதினால் கேள்வியும் பதிலும் ஒரே குரலாகி உயிர் போய்விடும். வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் சாமியைப் பற்றிக் கேட்கிற கேள்விகளுக்கு வாயை அடைக்கிற பெற்றோர் இந்த இடத்தில் சற்று யோசிக்கலாம். நம் மறையிலேயே கேலியான கேள்விக்கு முழுப் பாதி இடம் கொடுத்திருக்கிறது.

சாழல் முடிந்ததும் மதிய உணவு, 12.30 சுமாருக்கு. இதற்குக் காரணம் உண்டு. அடுத்து வரும் பூவல்லி, உந்தியார், தோணோக்கம், பொன்னூசல் எல்லாம் துள்ளலான சந்தம். "உந்தீபற" என்று மூன்றடிக்கு இருமுறை கூவுகிறவனுக்குத் தூக்கம் வராது. மாறாக, 1.30 வரை இழுத்துவிட்டுச் சாப்பிட்டால், உண்ட களைப்பில் குரல் தாழ்ந்த பத்துகள் வந்து மாட்டிக்கொள்ளும். சாப்பாடு எலுமிச்சை சாதம், தயிர் சாதம், ஒரு கறி. 40 பேருக்கு அரிசி 5 கிலோ தாராளம். வடை பாயசத்தோடு விருந்து போட வேண்டும் என்று ஆசைப்படும் வீட்டாரிடம், அதை இரவுக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வாழையிலை விருந்துக்குப் பிறகு ஓத உட்கார்ந்தவர்களில் பாதிப் பேர் சுவரைத் தேடுவார்கள்.

படையல் பற்றி ஒரு வார்த்தை. மாணிக்கவாசகருக்கு அருள் கிடைத்த திருப்பெருந்துறைதான் இன்றைய ஆவுடையார்கோயில், புதுக்கோட்டை மாவட்டத்தில். கருவறையில் லிங்கம் கிடையாது, அதன் பீடமான ஆவுடை மட்டும்தான். நந்தி இல்லை, கொடிமரம் இல்லை. அங்கே புழுங்கலரிசிச் சோறு வடித்து, கீரையும் பாகற்காயும் சேர்த்துச் சுடச்சுடப் படைப்பார்கள். அந்த ஆவிதான் நைவேத்தியம். உருவம் இல்லாதவருக்கு உருவம் இல்லாத உணவு. கல்லில் பரப்பிய சோற்றிலிருந்து வெண்மையாக எழுந்து, இருட்டில் கலந்து, கண்முன்னே இல்லாமல் போகிறது. முற்றோதலுக்கு என்ன படைப்பது, எத்தனை வகை என்று தவிக்கும் வீடுகளில் இதைச் சொல்லுங்கள். நடராசர் படம், மாணிக்கவாசகர் படம், ஒரு குத்துவிளக்கு, வில்வம், சுடச்சுட ஒரு பிடி சோறு. அதற்குமேல் கடன் வாங்கிச் செய்ய எதுவும் இல்லை.

திருத்தசாங்கத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள். கிளியைப் பார்த்து இறைவனின் பெயர், நாடு, ஊர், ஆறு, மலை, ஊர்தி, படை, பறை, தார், கொடி என்று பத்தும் கேட்கிற பத்து வெண்பா. பத்துப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று. இரண்டு வாரத்துக்கு முன்பே கொடுத்தால் பார்க்காமல் சொல்வார்கள்.

பிள்ளைகள் கேட்கிற கேள்வி ஒன்றுக்குத் தயாராக இருங்கள். "இவர் ஏன் தன்னை நாய் நாய் என்று சொல்கிறார்?" தாழ்வு மனப்பான்மை என்று நினைப்பவர்களும் உண்டு. நாய் என்று தன்னைச் சொல்கிற இடங்களிலெல்லாம் அடுத்த அடி என்ன சொல்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். சிவபுராணத்தில் "நாயிற் கடையாய்க் கிடந்த அடியேற்கு" என்றால் உடனே "தாயிற் சிறந்த தயாவான தத்துவனே". கோத்தும்பியில் "நாயேனை" என்று தொடங்கும் பாட்டு, உள்ளத்தின் பிழையைப் பொறுக்கிற பெருமையன், தாயான ஈசன் என்று போய் முடிகிறது. தாழ்வைச் சொல்வது அங்கே நிற்பதற்காக இல்லை, எவ்வளவு தூரம் அவர் இறங்கி வந்தார் என்று அளப்பதற்காக. இரண்டு அடியையும் ஒரே மூச்சில் சேர்த்து ஓத வேண்டும். முதல் அடியில் நிறுத்தி உருகிவிட்டு அடுத்ததை அலட்சியமாகச் சொன்னால், தன்னை இழிப்பதே பக்தி என்று கேட்பவர் நினைத்துவிடுவார்.

பிற்பகல் 2 மணிக்குமேல் வரும் 32 பகுதிகள் பெரும்பாலும் பத்துப் பத்துப் பாடல்கள். எண்ணிக்கை பயமுறுத்தும். "இன்னும் 20 இருக்கிறது, வேகமாகப் போவோம்" என்று யாராவது சொல்வார். நேரம் உண்மையிலேயே போதாவிட்டால் வேகத்தைக் கூட்டாதீர்கள், 6 மணியை 6.45 ஆக்குங்கள். முடியாவிட்டால் மிச்சத்தை அடுத்த ஞாயிறு வைத்துக்கொள்ளுங்கள். முற்றோதல் என்றால் ஒரே நாளில்தான் முடிக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. வீட்டில் தனியாக ஓதுகிறவர்கள் நாளுக்கொரு பகுதி, சதகத்தையும் நீத்தல் விண்ணப்பத்தையும் மட்டும் பத்துப் பத்தாக என்று பிரித்தால் இரண்டு மாதத்தில் நிறைவாக முடியும். மார்கழியிலோ, ஆனி மகத்தில் குருபூசை வருகிறபடியோ திட்டமிடலாம்.

இந்த 32-ல் நிறுத்திப் பேச வேண்டியவை மூன்று.

கோயில் திருப்பதிகத்தின் கடைசிப் பாட்டு ஒன்று. "தந்தது உன்தன்னைக் கொண்டது என்தன்னை" என்று தொடங்கி, சங்கரா, நம் இருவரில் யார் கெட்டிக்காரர் என்று கேட்கிறது. எனக்கு முடிவில்லாத ஆனந்தம் கிடைத்தது, உனக்கு என்னிடம் என்ன கிடைத்தது? கணக்குப் பார்க்கிற கடவுள் என்ற எண்ணம் இந்தப் பாட்டில் உடைகிறது. கணக்குப் போட்டால் நட்டம் அவருக்குத்தான், தெரிந்தே நட்டப்பட்டவர்.

இரண்டாவது, குழைத்தபத்தில் "வேண்டத்தக்கது அறிவோய் நீ". இது வரும்போது மணி 4 ஆகியிருக்கும். பெண்ணுக்கு வரன், மகனுக்கு விசா, கணவருக்கு மருத்துவ அறிக்கை என்று வேண்டுதலோடு காலையில் வந்தவர்கள் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். வேண்டுவது தவறு என்று அவர்களிடம் சொல்லாதீர்கள், பாட்டும் அப்படிச் சொல்லவில்லை. "வேண்ட முழுதும் தருவோய் நீ" என்று முதலில் சொல்கிறது. அதன்பிறகுதான், நீ எதை விரும்பி அருளினாயோ அதையே நானும் வேண்டுகிறேன், வேறாக ஓர் ஆசை எனக்கு இருக்கிறதென்றால் அதுவும் உன் விருப்பம்தான் என்று போகிறது. பாடலை ஒருமுறை ஓதி, அரை நிமிடம் சும்மா இருந்து, மறுபடி ஒருமுறை ஓதுங்கள். அந்த அரை நிமிடத்தில் ஒவ்வொருவரும் தன் வேண்டுதலைப் பாட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்வார்.

மூன்றாவது பிடித்தபத்து. "பால்நினைந் தூட்டும் தாயினும்" என்பதைச் சேர்த்து ஓதும் பழக்கத்தில் "நினைந்து" காணாமல் போகிறது. பால் ஊட்டும் தாய் என்று பாடவில்லை. பிள்ளை அழுவதற்கு முன்பே பசிக்கும் நேரமாயிற்றே என்று நினைத்து, செய்கிற வேலையை விட்டுவிட்டு வந்து ஊட்டுகிற தாய். அவளையும்விட அதிகமாகப் பரிந்தவர் என்கிறது. பால், நினைந்து, ஊட்டும் என்று மூன்றாகப் பிரித்து ஓதிக் காட்டுங்கள். அதே பாட்டில் "புறம்புறம் திரிந்த செல்வமே" என்றும் வருகிறது. நான் போன இடமெல்லாம் என் பின்னாலேயே அலைந்த செல்வம். "சிக்கெனப் பிடித்தேன்" என்பதை எல்லோரும் உரக்கச் சொல்வார்கள், முஷ்டியை மடக்குகிறவர்களும் உண்டு. அதற்கு முன்னே அவர் பின்தொடர்ந்து திரிந்தார் என்பதை மெதுவாகச் சொல்லிவிட்டு அங்கே போனால்தான் அந்தப் பிடிக்குப் பொருள் உண்டு.

மற்றப் பத்துகள் தம்மைத் தாமே பார்த்துக்கொள்ளும். அச்சப்பத்தில் மட்டும், பாம்புக்கும் அஞ்சேன், பொய்யர்தம் மெய்க்கும் அஞ்சேன் என்று அடுக்கிவிட்டு, அன்பிலாதவரைக் கண்டால்தான் "அம்ம நாம் அஞ்சுமாறே" என்று சொல்வதில் குரல் உண்மையாக நடுங்கட்டும். திருவேசறவில் நரிகளைக் குதிரையாக்கிய அருளைப் பாடும்போது, அந்தக் குதிரைகளால்தான் மாணிக்கவாசகர் அரசனிடம் தண்டனை பட்டார் என்ற கதையைப் பிள்ளைகளுக்கு முன்பே சொல்லி வைத்திருங்கள்.

நிறைவுக்கு வருவோம். பொன்னாடை, நன்றியுரை, நன்கொடையாளர் பெயர், அடுத்த முற்றோதல் அறிவிப்பு எல்லாவற்றையும் 4 மணித் தேநீர் நேரத்திலேயே முடித்துவிடுங்கள். அச்சோப்பதிகத்துக்குப் பிறகு எதுவும் இருக்கக் கூடாது. "ஆர்பெறுவார் அச்சோவே", இது யாருக்குக் கிடைக்கும், அம்மாடி என்கிற வியப்போடு நூல் முடிகிறது. கடைசி "அச்சோவே"க்குப் பின் "திருச்சிற்றம்பலம்" சொன்னதும் மைக்கை அணைத்துவிடுங்கள். தீபாராதனைக்குத் தட்டு ஏற்றுபவர் 2 நிமிடம் காத்திருக்கட்டும். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கும். யாராவது ஒரு பாட்டி, மூடிய புத்தகத்தின்மேல் கை வைத்தபடி, அந்த ஈற்றடியைத் தனக்குள் இன்னொருமுறை சொல்லிக்கொண்டிருப்பார். அவர் முடித்ததும் கற்பூரத்தை ஏற்றுங்கள்.